தவிட்டோடு போன சத்து

நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பகல் விருந்து. அந்த வீட்டு அம்மாளின் சமையல் எங்கள் வட்டாரத்தில் பிரசித்தமானது. ஆகவே காலைப் பலகாரத்தைக் கூடப் பாதியாகக் குறைத்துக் கொண்டு, மிகுந்த ஆவலுடன் இலை முன் உட்கார்ந்தேன். கறிகள் வந்தன, கூட்டு வந்தது, அப்பளம் வந்தது. பிறகு சாதம் வந்தது. மல்லிகைப் பூவைப் போல் இருக்க வேண்டிய சாதம் செம்மண் நிறத்தில், பருக்கை பருக்கையாக இலையில் விழுந்தது. நான் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"இவருடைய உத்தரவு!" என்றாள் வீட்டு அம்மாள், கரண்டியால் கணவரைச் சுட்டிக் காட்டி. "இரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதென்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், கடைக்குப் போய்த் தீட்டாத அரிசியாக ஒரு மூட்டை வாங்கிக் கொண்டு வந்துவிட்டார். ஒரு மணி நேரம் கொதித்தாலும் வேகிறதில்லை."

"மாடு தின்கிற தவிட்டை மனிதர் தின்னலாமா, மாமா?" என்று கேட்டான் அவர்களுடைய மூத்த பையன்.

"எனக்கு எழுபத்தெட்டு வயசாகிறது. பிறந்தது முதல் வெள்ளைச் சாதந்தான் சாப்பிடுகிறேன். எனக்கு என்ன வந்துவிட்டது?" என்றார் உள்ளேயிருந்து பாட்டியம்மாள்.

நண்பர் என்னைப் பார்த்தார். "நீங்கள்தான் நாலு புத்தகம் படித்தவர். தீட்டாத தானியம் தேக ஆரோக்கியத்துக்கு அவசியமா, இல்லையா? தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார்.

பாயசம் இன்னும் வரவில்லை. எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் ஆபத்து. ஆகையால் யோசித்துப் பதில் சொல்வதாக வாக்களித்துத் தப்பித்துக் கொண்டேன். அந்த வாக்கை இப்போது நிறைவேற்றுகிறேன். இதே வழக்கு இன்று நம்மில் எத்தனையோ வீடுகளில் நடந்து கொண்டிருப்பதால், தீர்ப்பைப் பகிரங்கமாகவே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

நெல்லுக்குள் என்ன இருக்கிறது?

நெல்லின் மேலே இருப்பது உமி. அது மனிதனுக்கு ஆகாது. உமியை நீக்கினால் வருவது பழுப்பு அல்லது சிவப்பு நிறமுள்ள முழு அரிசி. அதன் மேல் மெல்லிய தவிட்டுப் படலங்கள் போர்த்திருக்கின்றன; ஒரு முனையில் முளை ஒட்டிக் கொண்டிருக்கிறது. இவை இரண்டையும் தீட்டி எடுத்துவிட்டால் எஞ்சுவது வெள்ளை அரிசி. அது பெரும்பாலும் மாவுப் பொருள். கொஞ்சம் புரதமும் உண்டு.

விதை முளைத்துப் பயிராவதற்கு வேண்டிய சத்துக்களில் பெரும் பகுதியை இயற்கை அந்த முளையிலும் தவிட்டிலுந்தான் சேமித்து வைத்திருக்கிறது. எண்ணெய்ச் சத்து, நார், இரும்பு, மக்னீஷியம், 'பி' வகை ஜீவசத்துக்கள் எல்லாம் அங்கேதான். பி-1 என்னும் வைட்டமின் தீட்டாத அரிசி 100 கிராமில் சுமார் 0.4 மில்லிகிராம் இருக்கும். நன்றாகத் தீட்டிய அரிசியில் 0.1 மில்லிகிராம் கூட இராது. அந்தக் கொஞ்சத்திலும் ஒரு பங்கு அரிசி களைந்த கழுநீரோடு போகும். மற்றொரு பங்கு வடித்த கஞ்சியோடு போகும். ஆக, தவிடும் கழுநீரும் மாட்டுக்கு, வெள்ளைச் சாதம் நமக்கு என்று பாகப் பிரிவினை செய்து கொண்டோம். பங்கீட்டில் ஏமாந்தது மாடு அல்ல!

வியாபாரிகளையே குறை சொல்வதும் நியாயமல்ல. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் முழு அரிசி சில மாதங்களுக்குள் சிக்கு நாற்றம் எடுத்துவிடும். பூச்சிக்கும் அதன்மேல் பிரியம் அதிகம். தீட்டிய அரிசியோ மூட்டையில் நெடுங்காலம் கிடக்கும். கப்பலேறிக் கடல் கடக்கும். நமக்கும் வெண்மையின்மேல் மோகம். வாங்குகிறவர் விரும்பியதை விற்கிறவர் கொடுத்தார்.

கடற்படையும் கோழியும்

இந்த மோகத்துக்கு உலகம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 'பெரிபெரி' என்று ஒரு வியாதி. கால்கள் மரத்துச் சோர்ந்துவிடும், உடல் வீங்கும், கடைசியில் இருதயம் நின்று போகும். ஜப்பானில் எடோ நகரத்தில் வெள்ளை அரிசி சாப்பிட வசதியுள்ளவர்களை இது பிடித்துக் கொண்டபடியால், 'எடோ நோய்' என்றே பெயர் பெற்றிருந்தது.

1883-ல் 'ரியூஜோ' என்னும் ஜப்பானியப் போர்க்கப்பல் நீண்ட யாத்திரை முடிந்து திரும்பியபோது, அதிலிருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டிருந்தது. 25 பேர் மாண்டு போயிருந்தார்கள். கடற்படை வைத்தியரான டகாகி கனெஹிரோ என்பவர், மறு வருஷம் 'த்ஸுகூபா' என்னும் கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்தார். ஆனால் ஆகாரத்தை மாற்றினார். சோற்றைக் குறைத்து இறைச்சி, பால், ரொட்டி முதலியவற்றைச் சேர்த்தார். சிலருக்கு மாத்திரமே நோய் கண்டது; இறந்தவர் ஒருவருமில்லை. பின்னர் வாற்கோதுமை கலந்த சோறு கடற்படையில் வழக்கமாயிற்று. புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என்று டகாகி நினைத்தது தவறு. ஆயினும் மருந்து சரியாக இருந்தது! தரைப்படை அதிகாரிகள் அவர் சொல்லைக் கேட்கவில்லை. 1904–05 ருஷ்ய யுத்தத்தில் ஜப்பானியத் தரைப்படையில் 27,000 பேருக்கு மேல் பெரிபெரிக்குப் பலியானார்கள்.

உண்மைக் காரணத்தைக் காட்டிக் கொடுத்தவை கோழிகள். ஜாவாத் தீவில் பட்டேவியா நகரத்து இராணுவ ஆஸ்பத்திரியில் எய்க்மான் என்னும் டச்சு வைத்தியர் பெரிபெரிக்குரிய கிருமியைத் தேடிக் கொண்டிருந்தார். 1889-ல் அவருடைய கோழிகள் திடீரென்று கால் சோர்ந்து தள்ளாட ஆரம்பித்தன. கிருமி அகப்பட்டுவிட்டது என்று அவர் மகிழ்ந்திருக்கும்போதே, சில மாதங்களில் அவை தாமாகவே குணமடைந்தன. விசாரித்ததில் வேடிக்கையான விஷயம் வெளியாயிற்று. ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்தார்கள். பிறகு புதிய சமையற்காரர் ஒருவர் வந்தார். இராணுவத்தின் அரிசியை இராணுவத்தைச் சேராத கோழிகள் தின்பது சட்ட விரோதம் என்பது அவருடைய அபிப்பிராயம். சோற்றை நிறுத்தினார். கோழிகளுக்கு மலிவான தீட்டாத அரிசி கிடைத்தது; பிழைத்துக் கொண்டன. சிக்கன புத்தியுள்ள ஒரு சமையற்காரர் உலக வைத்திய சரித்திரத்தில் இடம் பெற்றது இப்படித்தான்.

பின்னர் வோர்டர்மான் என்னும் அதிகாரி ஜாவாவின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். கைதிகள் சுமார் 2,80,000 பேர். தீட்டிய அரிசி கொடுத்த சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தீட்டாத அரிசி கொடுத்த சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர். வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருப்பதாகவே எய்க்மான் முதலில் எண்ணினார். இருக்கும் விஷமல்ல, இல்லாத சத்தே காரணம் என்று 1901-ல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கிரீன்ஸ். எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சத்தைச் செயற்கையாகவே செய்து காட்டும் பெருமை 1936-ல் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க ரசாயன நிபுணருக்குக் கிடைத்தது. அவர் எங்கே பிறந்தார் தெரியுமா? அக்காலத்துச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூரில், பாதிரியார் ஒருவருடைய குமாரராக! நெல்லின் பெயரையே தாங்கிய ஊரில் பிறந்தவர், நெல்லிலிருந்து தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

குன்னூர் எலிகள்

இனி நமது நீலகிரிக்கு வருவோம். 1920-களில் குன்னூரில் மக்காரிஸன் என்னும் பிரிட்டிஷ் வைத்தியர், இந்தியாவின் பல ஜாதியாருடைய ஆகாரத்தையும் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். வங்காளியர் ஆகாரம் உண்டவை 180. சென்னை ராஜதானி ஆகாரம் உண்ட நமது எலிகளோ 155 கிராம், கடைசி ஸ்தானம்! நம்முடைய சுயமரியாதைக்கு இது சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இங்கே நிதானம் வேண்டும். சீக்கியர் ஆகாரத்தில் முழுக் கோதுமை ரொட்டி மாத்திரமா இருந்தது? பாலும் வெண்ணெயும் பருப்பும் கீரையும் காய்கறியும் கூட இருந்தன. நமது எலிகளுக்குக் கிடைத்ததில் சோறு பெரும் பங்கு, மற்றவை சொற்பம். ஆகையால் வெற்றி முழுவதையும் தவிட்டின் கணக்கில் வரவு வைப்பது நியாயமாகாது. இதை நேயர்கள் ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டும். தீர்ப்பு இதைப் பொறுத்திருக்கிறது.

குன்னூர் ஆராய்ச்சியில் நமக்கு ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. பெரிபெரி, ஆலையில் தீட்டிய பச்சரிசியைச் சாப்பிட்ட வடசர்க்கார் ஜில்லாக்களில்தான் குடிகொண்டிருந்தது. தமிழ் ஜில்லாக்களில் மிக அரிது. காரணம், இங்கே பெரும்பாலோர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள பி-1 சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது அவ்வளவாகப் போவதில்லை. பச்சரிசியை உயர்வாகவும் புழுங்கலைச் சற்றுத் தாழ்வாகவும் நினைத்த வீடுகள் நம்மில் உண்டு. ஆனால் நெல் அவித்த ஏழைக் குடியானவள்தான் ரசாயன சாஸ்திரம் தெரிந்தவள் போல் நடந்து கொண்டிருந்தாள். எனினும் புழுங்கலரிசி ஜீவசத்தை ஓரளவு காப்பாற்றுமே யொழிய, தீட்டும்போது போகும் நாரை மீட்டுக் கொடுக்காது.

உரலும் உலக்கையும்

இந்த விஷயத்தை வைத்தியர் கையிலிருந்து வாங்கி ஜனங்களின் கையில் கொடுத்தவர் காந்தி மகாத்மா. 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதைத் தலைமேற்கொண்டு வார்தாவில் நடத்தினார். தீட்டாத அரிசி, கையால் அரைத்த முழுக் கோதுமை மாவு, வெல்லம் இவையெல்லாம் அச்சங்கத்தின் பிரசாரத்தில் முக்கிய ஸ்தானம் பெற்றன. ஆலை வந்ததனால் சாப்பிடுகிறவருக்குச் சத்துப் போயிற்று. நெல் குத்திப் பிழைத்தவளுக்குக் கூலியும் போயிற்று. இரண்டு நஷ்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததுதான் காந்திஜியின் விசேஷம்.

அதற்காக இன்று எல்லோரும் உலக்கையை எடுக்க வேண்டுமென்று நான் சொல்ல மாட்டேன். விடியுமுன் எழுந்து நெல் குத்திய கைகளைக் கேட்டால் அதன் கஷ்டம் தெரியும். உமியை மாத்திரம் நீக்கித் தவிட்டை அப்படியே விட்டுவிடும் ரப்பர் உருளை யந்திரங்கள் இக்காலத்தில் இருக்கின்றன. குற்றம் யந்திரத்தினுடையதல்ல, அதை எந்த மட்டில் நிறுத்துவது என்று தெரியாத நம்முடையது.

அப்படியானால் அவசியமா?

பெரிபெரி இப்போது நம் நாட்டில் அரிதாகிவிட்டது. அதன் இடத்தில் நீரிழிவு வந்து உட்கார்ந்து கொண்டிருக்கிறது. 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், 21 தேசங்களில் 1,30,000-க்கு மேற்பட்டவர்களைப் பல வருஷங்கள் கவனித்தார்கள். தினந்தோறும் 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சாதம் உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிட நீரிழிவு அதிகமாக வந்தது. அந்த வித்தியாசம் எங்கே மிகுதியென்றால், நம்முடைய தெற்காசியாவில்தான். சென்னையில் பருத்த உடலுள்ளவர்களிடம் செய்து 2014-ல் வெளியான ஒரு சோதனையில், வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தீட்டாத அரிசி கொடுத்தபோது இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது சுமார் 20 சதவிகிதம் குறைந்தது.

முழுத் தானியத்தின் கட்சி இவ்வளவு பலமுள்ளது. இனி எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும்.

முதலாவது, முழுத் தானியத்தில் மாத்திரமே கிடைக்கும், வேறெங்கும் கிடைக்காது என்று சொல்லக் கூடிய சத்து ஒன்றுமே இல்லை. நார் வேண்டுமா? பயறு, பருப்பு, கீரை, காய்கறிகளில் ஏராளம். பி-1 வேண்டுமா? பருப்பிலும் வேர்க்கடலையிலும் உண்டு. வட துருவத்தில் பனிப் பிரதேசத்து ஜனங்கள் தானியத்தையே காணாமல், மீனும் கடல் மிருகங்களும் தின்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, முழுத் தானியம் சாப்பிடுகிறவர்களிடம் நோய் குறைவென்று காட்டும் கணக்குகளில் பல, மேற்பார்வைக் கணக்குகளே. அத்தகையவர்கள் வேறு பல நல்ல பழக்கங்களும் உள்ளவர்களாயிருப்பார்கள். புகழில் எந்தப் பங்கு தவிட்டுக்கு என்று பிரிப்பது எளிதல்ல.

மூன்றாவது, தவிட்டில் உள்ள 'பைடிக்' அமிலம் இரும்பு, துத்தநாகம் முதலியவற்றை உடல் கிரகிக்கவொட்டாமல் ஓரளவு தடுக்கும். ஊறவைத்தால், முளைகட்டினால், மாவைப் புளிக்க வைத்தால் இந்தத் தோஷம் குறையும். நம் பாட்டிமார் கேழ்வரகை முளைகட்டியதும், கூழைப் புளிக்க வைத்ததும் இந்தப் பெயர்களெல்லாம் தெரியாமலே செய்த பரிகாரங்கள். கோதுமைப் புரதம் ஒவ்வாத வியாதியுள்ளவர்களுக்கோ முழுக் கோதுமையும் மைதாவும் ஒன்றேதான், இரண்டும் ஆகா.

நான்காவது, பெயரைக் கண்டு மயங்கலாகாது. கடையில் விற்கும் பழுப்பு ரொட்டி சில சமயம் சாயம் பூசிய வெள்ளை ரொட்டியாகவே இருக்கும். கேழ்வரகு உயர்ந்த தானியந்தான். அரிசியில் இல்லாத அளவுக்கு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. ஆனால் அதை நைய மாவாக்கிக் கஞ்சி காய்ச்சி இரண்டு டம்ளர் குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியது நமக்குப் பெருமையே. அதற்காகத் தினையும் சாமையும் அளவில்லாமல் உண்ணலாம் என்று அர்த்தமல்ல.

தீர்ப்பு

ஆகவே என்னுடைய தீர்ப்பு இது: தீட்டாத தானியம் எல்லோருக்கும் அவசியம் என்று சொல்ல முடியாது. யாருக்கு அவசியம் என்பது இலையில் மற்ற என்னென்ன இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

இலையில் சாதம் ஒரு மூலையில் அடக்கமாக இருந்து, பருப்பும் கீரையும் காய்களும் மோரும் மற்ற இடத்தை நிரப்பினால், அந்தச் சாதம் வெள்ளையாயிருந்தாலும் பெரிய மோசமில்லை. பாட்டியம்மாள் எழுபத்தெட்டு வயது வரை சுகமாயிருப்பதன் ரகசியம் இதுவாக இருக்கலாம். அவர் சிறு வயதில் உண்ட அரிசி இன்றைய அரிசியைப் போல் பளபளவென்று தீட்டப்பட்டதும் அல்ல. அந்நாளில் அவர் செய்த வேலையில் கால் பங்கு கூட இப்போது நாம் செய்வதில்லை. ஆனால் இலையில் முக்கால்வாசி சாதமாகவே இருந்தால், அந்தச் சாதம் எப்படிப்பட்டது என்பதுதான் ஆரோக்கியத்தையே நிர்ணயிக்கிறது. அத்தகையவர்களுக்கு அது அவசியம்.

இந்த இரண்டாவது கூட்டத்தார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஏழைகள் இருக்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம்முடைய வீடுகளிலேயே ஒருவர் இருக்கிறார். அன்று விருந்து முடிந்து நாங்கள் கூடத்தில் வெற்றிலை போட்டுக் கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிப்பதற்காகச் சமையலறைப் பக்கம் போனேன். வீட்டு அம்மாள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தாள். கறிகள் எங்களோடு தீர்ந்து போயிருந்தன. கூட்டுப் பாத்திரம் காலி. தட்டு நிறையச் சாதம், கொஞ்சம் ரசம், ஒரு துண்டு ஊறுகாய். அதுவும் அவளுக்கென்று தனியாக வடித்த வெள்ளைச் சாதம்.

புருஷனுடைய சர்க்கரைக்காக ஒரு மூட்டை அரிசி வீட்டுக்கு வந்துவிட்டது. அவளுடைய இரத்தத்தை யார் சோதித்துப் பார்த்தார்கள்? எல்லோருக்கும் பின்னால், மிஞ்சியதைக் கொண்டு வயிற்றை நிரப்புகிறவளுக்குச் சாதமே ஆகாரம். தவிட்டோடு போன சத்தை ஈடு செய்ய அவள் தட்டில் வேறொன்றும் இருப்பதில்லை. பருப்பையும் கீரையையும் அவளுக்கு நிறுத்தி வைப்பது முதல் வைத்தியம். அரிசியை மாற்றுவது இரண்டாவது வைத்தியம்.

மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய் என் தீர்ப்பைச் சொன்னேன். அரிசியை முதல் நாள் இரவே ஊறவைத்தால் நன்றாக வேகும் என்றும், ஒரேயடியாக மாற்றாமல் வெள்ளையோடு பாதிக்குப் பாதி கலந்து ஆரம்பிக்கலாம் என்றும், சாதத்தை ஒரு கரண்டி குறைத்துக் காயை ஒரு கரண்டி கூட்டலாம் என்றும் சொன்னேன். அந்த மூட்டையை வேண்டிய அளவில் சிறிது சிறிதாக வாங்கும்படியும் எச்சரித்தேன். கடைசியாக, சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று ஒரு ஷரத்தும் விதித்தேன்.

"தீர்ப்பில் எல்லாம் சரி. நான் கூட உட்கார்ந்துவிட்டால் பரிமாறுவது யார்?" என்றாள் வீட்டு அம்மாள்.

நண்பர் பதில் பேசாமல் எழுந்து போய்க் கரண்டியை எடுத்து வந்தார். அன்று முதல் இலையில் அவள் பக்கத்துக்கு வந்த கூட்டில் ஒரு கரண்டி அதிகம் என்று கேள்வி.